அனுமதிக்கப்பட்ட பதினோரு ஆறுதல்கள்

எங்கள் அலுவலகத்தின் தரைத்தளத்தில், கண்ணாடி ஜன்னலுக்குப் பக்கத்தில், மூன்று நாளாக ஓர் அறிவிப்பு ஒட்டியிருந்தது. ‘துயருற்ற குடும்பங்களுக்கு மேலும் சிறப்பாகச் சேவை செய்யும் பொருட்டு, புதன் முதல் வெள்ளி வரை சேவை கிடையாது.’ எழுதியவர் இயக்குநர். ஒட்டியவன் நான். ஒட்டும்போது இரண்டு தடவை படித்துப் பார்த்தேன். பசை காய்ந்துவிடும் என்பதால் மூன்றாவது தடவை படிக்கவில்லை.

நான் பிணவறை ஊழியன். இருபத்திரண்டு வருஷமாக அந்த அறையின் சாவி என் இடுப்பில்தான் தொங்குகிறது. அதனால் எனக்குப் பெயரே ‘சாவி’ என்றாகிவிட்டது. பிணவறை என்றும் இனிமேல் சொல்லக் கூடாதாம். ‘இடைக்கால ஓய்வகம்’ என்று சொல்ல வேண்டுமாம். கொலை என்பதற்கு ‘எதிர்பாராத பிறர்சார் நிறைவு’. என்னத்தைச் சொல்ல! இருபத்திரண்டு வருஷத்தில் கத்தியை முதுகில் வாங்கிக்கொண்டு வந்த எவரும் நிறைவாக வந்ததாக எனக்கு நினைவில்லை.

இந்தக் கூத்தெல்லாம் ஆரம்பித்தது எங்கள் எழுத்தரால்தான். இரண்டு மாதத்துக்கு முன், கொலையான ஒருவரின் மனைவியிடம் அவருடைய ரத்தம் காய்ந்த துணிமணிகளைப் பையில் போட்டுக் கொடுத்தபோது, “சரிபார்த்து எடுத்துக்குங்க, அப்புறம் வந்து குறை சொல்லக் கூடாது” என்றார் அவர். அது பத்திரிகையில் வந்துவிட்டது. புத்தியுள்ளவர்கள் என்றால் எழுத்தரைக் கூப்பிட்டு நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டிருப்பார்கள். வருகிறவர்கள் உட்கார ஜன்னலுக்கு வெளியே இரண்டு நாற்காலி போட்டிருப்பார்கள். எங்கள் துறை அப்படியெல்லாம் இறங்கிப்போகாது. எங்கள் துறை பயிற்சி கொடுக்கும்.

இரண்டாம் மாடிக் கூட்ட அறையில் பத்தொன்பது பேரை அடைத்தார்கள். மரண விசாரணை அதிகாரி, பிரேதப் பரிசோதனை மருத்துவர், எழுத்தர்கள், இறுதி ஊர்தி ஓட்டுநர், சவப்பெட்டிக் கடைக்காரர்கள், கடைசி வரிசையில் நான். கதவை வெளியிலிருந்து யார் வேண்டுமானாலும் தள்ளித் திறக்கலாம். உள்ளேயிருந்து போக வேண்டுமானால் இயந்திரத்தில் கட்டைவிரலை வைக்க வேண்டும். ஐந்து மணிக்கு முன்னால் வைத்தால் மூன்று நாள் வருகையும் ரத்து. வருகை ரத்தானால் சான்றிதழ் கிடையாது. சான்றிதழ் இல்லாதவன் கொலையானவர்களின் குடும்பத்தோடு ஒரு வார்த்தை பேசக் கூடாது. சாவியை ஒப்படைத்துவிட்டுப் பழைய கோப்பு அறைக்குப் போக வேண்டியதுதான். கழிப்பறை கூட்ட அறைக்குள்ளேயே இருந்தது. அதையும் யோசித்து வைத்திருந்தார்கள்.

தொடக்க விழாவில் இயக்குநர் கண் கலங்கப் பேசினார்.

“கொலைங்க வருஷா வருஷம் கூடிக்கிட்டே போகுது. அத நம்மால தடுக்க முடியாது, அது வேற துறை. ஆனா துயரத்த ஒழுங்குபடுத்த நம்மால முடியும். இதுவரைக்கும் ஒவ்வொரு குடும்பமும் அவங்கவங்க இஷ்டத்துக்கு அழுதுக்கிட்டிருந்தாங்க. அந்தக் காலம் முடிஞ்சது!”

கை தட்டினோம். கை தட்டுவதற்கும் மதிப்பெண் உண்டு என்று கையேட்டின் இரண்டாம் பக்கத்தில் போட்டிருந்தது.

பயிற்சியாளர் அம்மா வெளியூரிலிருந்து வந்திருந்தார். பத்தொன்பது பேருக்காகக் கன்னத்தில் ஒரு மைக்கை ஒட்டிக்கொண்டு, அங்குமிங்கும் நடந்துகொண்டே பேசினார்.

“நான் நாப்பத்தியொரு ஊர்ல இந்தப் பயிற்சி குடுத்திருக்கேன். ஒரு தடவகூட ஒரு குடும்பத்த நேர்ல பாத்தது கிடையாது. அதனாலதான் என்னால தெளிவா சொல்லிக்குடுக்க முடியுது.”

சொல்லியும் கொடுத்தார். முதல் நாள் தலை சாய்ப்பு. குடும்பத்தார் பேசும்போது தலையைப் பதினைந்து பாகை இடப்பக்கம் சாய்க்க வேண்டும். பள்ளிப் பிள்ளைகள் வைத்திருக்கிற பாகைமானியைக் காதோரம் வைத்து ஒவ்வொருவராக அளந்தார். எனக்குக் கழுத்து பிடித்துக்கொண்டது. இரண்டாம் நாள் காகிதக் கைக்குட்டை நீட்டுவது. முதல் கண்ணீர் இமையைத் தாண்டி, கன்னத்தின் பாதியை எட்டுவதற்குள் நீட்ட வேண்டும். இமையிலேயே நீட்டினால் திணிப்பு. தாடைக்கு வந்தபிறகு நீட்டினால் கடமை தவறல். கண்ணீருக்குப் பதிலாக ஒரு பொம்மையின் முகத்தில் சொட்டுமருந்து விட்டுப் பழகினோம். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஓட்டுநர் என் காதில், “என் வண்டியில ஏறுனவங்க யாரும் இதுவரைக்கும் என்மேல ஒரு குறை சொன்னதில்ல, தெரியுமா?” என்றார். சிரித்ததற்காக எனக்கு ஒரு மதிப்பெண் போயிற்று.

இதெல்லாவற்றுக்கும் மேலே, அனுமதிக்கப்பட்ட பதினோரு ஆறுதல்கள். அட்டையில் அச்சடித்துக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார்கள். அந்தப் பதினொன்றைத் தவிர வேறு எதையும் குடும்பத்தாரிடம் சொல்லக் கூடாது. முதலாவது, ‘உங்கள் இழப்பு எங்கள் கவனத்தில் உள்ளது.’ நாலாவது, ‘உங்கள் உணர்வு இயல்பானதே.’ ஏழாவது, ‘இக்கேள்விக்கு உரியவர் உரிய நேரத்தில் உங்களை அணுகுவார்.’ பதினொன்றாவது ஆறுதல் மௌனம். சரியாக ஏழு விநாடி. ஆறானால் அவசரம், எட்டானால் அலட்சியம். மனப்பாடம் செய்யாமல் தூங்கிவிட்டேனோ என்று இரண்டு ராத்திரி திடுக்கிட்டு எழுந்தேன். ஐம்பது வயதில் எனக்கு இது தேவைதானா?

மூன்றாம் நாள் வெள்ளிக்கிழமை. காலையில் எட்டரை மணிக்கு நான் வந்தபோது, அறிவிப்புக்குக் கீழே, படிக்கட்டில், ஒரு பெண் உட்கார்ந்திருந்தார். நாற்பது வயது இருக்கும். மடியில் ஒரு பிளாஸ்டிக் கோப்பு.

“நேத்தும் வந்தேங்கண்ணா. இந்த நோட்டீஸப் படிச்சுட்டுத் திரும்பிப் போயிட்டேன். இன்னைக்குப் போக மாட்டேன்.”

“யாரப் பாக்கணும்மா?”

“என் தம்பியா இருக்குமோன்னு போலீஸ்ல சொல்றாங்க. குத்திப் போட்டுட்டுப் போயிட்டாங்களாம். சட்டப் பையில அவனோட அடையாள அட்டை இருந்துச்சாம். வீட்டாளுங்க பாத்துச் சொன்னாத்தான் உறுதின்னாங்க. அட்டைய யாராவது திருடியிருக்கலாம்ல? எங்கம்மா அப்படித்தான் சொல்றாங்க. சேதி வந்ததுலேர்ந்து பச்சத் தண்ணி பல்லுல படல. நீ போயிப் பாத்துட்டு, அது அவன் இல்லன்னு சொல்லு, அப்பத்தான் வாயத் திறப்பேன்னு படுத்திருக்காங்க. சக்கரை வியாதி வேற அண்ணா. இன்னும் எத்தன நாளைக்குத் தாங்குவாங்க?”

புதன்கிழமை சாயங்காலம், பயிற்சி விட்டபின் வந்த வண்டியிலிருந்து நான்தான் அவனை இறக்கினேன். குளிர்பெட்டியின் மூன்றாம் அடுக்கில் வைத்தேன். அதே புருவம். அதே மூக்கு. அந்தப் பெண் முகத்தை நிமிர்த்தியதுமே எனக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் புருவத்தைப் பார்த்து நான் சொல்கிற விஷயம் இல்லை அது. அவர் பார்க்க வேண்டும். பார்த்ததை மரண விசாரணை அதிகாரி கையெழுத்துப் போட்டு எழுதிக்கொள்ள வேண்டும். அதற்கெல்லாம் ஐந்து நிமிஷம் போதும்.

“உக்காந்திருங்கம்மா, இதோ வந்துடறேன்” என்றேன். அதிகாரியிடம் கையெழுத்துக்குச் சொல்லிவிட்டு இறங்கிவிடலாம் என்று நினைத்தேன். மாடியிலிருந்து இயக்குநர், “சாவி! ஒம்பது ஆகப்போகுது!” என்று சத்தம் போட்டார். ஓடினேன். அதிகாரியிடம் சொன்னேன். “எனக்கே இன்னும் சான்றிதழ் வரலயேப்பா” என்றார். அதற்குள் எனக்குப் பின்னால் கதவு மூடிக்கொண்டது.

சான்றிதழ் ஐந்து மணிக்குத் தருவார்கள். ஐந்து மணிக்கு அலுவலகம் மூடும். அடுத்த இரண்டு நாள் விடுமுறை. அதாவது, எங்கள் எல்லோருக்கும் அந்தப் பெண்ணோடு பேசுகிற தகுதி வருகிற அதே நிமிஷத்தில் நாங்கள் வீட்டுக்குப் போய்விடுவோம். இதை நான் கையை உயர்த்திப் பயிற்சியாளரிடம் சொன்னேன். “நல்ல கேள்வி. கேள்விப் பெட்டியில போடுங்க” என்றார். எழுதிப் போட்டேன். பெட்டியை நாலரைக்குத் திறப்பார்களாம். பெட்டிக்கும் சாவி உண்டு, ஆனால் அது என்னிடம் இல்லை.

எழுந்து போயிருக்கலாம். கட்டைவிரல் என்னுடையதுதானே? போகவில்லை. கோப்பு அறையில் தூசியைத் தின்றுகொண்டு மிச்ச காலத்தைக் கழிக்கப் பயந்தேன். இப்போது சொல்லவும் வெட்கமாகத்தான் இருக்கிறது.

மத்தியானம் இரண்டு மணிக்கு ‘பாவனைப் பயிற்சி’. கொலையானவரின் அக்காவாக நடிக்க ஒரு நாடக நடிகையை வரச்சொல்லியிருந்தார்கள். ஒவ்வொருவராக அவர் எதிரே உட்கார்ந்து ஆறுதல் சொல்ல வேண்டும். நடிகையைக் காணோம். பத்து நிமிஷம் ஆயிற்று. இரண்டேகாலுக்குக் கதவு மெல்லத் திறந்தது. கோப்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு படிக்கட்டுப் பெண் நின்றார்.

“இங்க யாரையாவது பாக்கலாமாங்க? கீழ ஒருத்தருமே இல்ல. நான் வந்து... என் தம்பி விஷயமா...”

பயிற்சியாளர் முகம் மலர்ந்தது. “வாங்க, வாங்க! உங்களுக்காகத்தான் எல்லாரும் காத்துக்கிட்டிருக்கோம்!”

அந்தப் பெண்ணின் முகத்தை அப்போது பார்த்திருக்க வேண்டும். இரண்டு நாளில் முதல் தடவையாக ஒருவர் அவரை வாங்க என்றிருக்கிறார். “ரொம்ப நன்றிங்க” என்று சொல்லிக் கையெடுத்துக் கும்பிட்டார். நடுவில் போட்டிருந்த நாற்காலியில் உட்கார வைத்தார்கள். எதிரே மரண விசாரணை அதிகாரி வந்து உட்கார்ந்து தலையைச் சாய்த்தார்.

நான் எழுந்தேன். “மேடம், இவங்க வந்து...”

“உங்க முறை வரும் சாவி. உக்காருங்க.”

“உங்கள் இழப்பு எங்கள் கவனத்தில் உள்ளது” என்றார் அதிகாரி.

“அப்ப நீங்க அவனப் பாத்தீங்களா சார்?” பெண் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார். “உயரமா இருப்பான். வலது காதுல ஒரு மச்சம் இருக்கும். அது அவனா சார்?”

அதிகாரி பார்த்திருந்தார். வியாழக்கிழமை காலையில், பயிற்சிக்கு முன், கீழே கிடந்தவனின் கோப்பில் மச்சத்தை எழுதியதே அவர்தான். ஆனால் பாவம், நடிகைக்குக் கொடுத்த கதையில் என்ன மச்சம் என்று அவருக்கு எப்படித் தெரியும்? அட்டையைப் பார்த்தார். “இக்கேள்விக்கு உரியவர் உரிய நேரத்தில் உங்களை அணுகுவார்.”

“பிரமாதம்!” என்றார் பயிற்சியாளர். “பத்துக்கு ஒம்பது.”

பெண் சுற்றுமுற்றும் பார்த்தார். “எதுக்கு மார்க்கு?” என்று கேட்டார். பெரிய அலுவலகம், இப்படித்தான் இருக்கும்போல என்று நினைத்தாரோ என்னவோ, கையைக் கட்டிக்கொண்டார்.

அடுத்தது ஓட்டுநர். எதிரே உட்கார்ந்தார். அட்டையைப் பார்த்தார். பெண்ணின் உதட்டைப் பார்த்தார். “தண்ணி குடிக்கிறீங்களாம்மா?” என்றார். தன் பாட்டிலை நீட்டினார். பெண் அதை ஒரே மூச்சில் குடித்து முடித்தார்.

“இது பதினொண்ணுல எத்தனாவது?” என்று கேட்டார் பயிற்சியாளர். ஓட்டுநருக்கு இரண்டு மதிப்பெண்.

மூன்றாவது நான். போய் உட்கார்ந்தேன். தலையைச் சாய்க்கவில்லை. “காலையில உங்ககிட்ட வந்துடறேன்னு சொன்னேனேம்மா, நான்தான்” என்றேன்.

“ஆமாண்ணா! உங்களத்தான் தேடுறேன்.”

“முன்பழக்கம் இருப்பதுபோல் பாசாங்கு, கூடாது” என்று பயிற்சியாளர் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதினார்.

எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. “மேடம், பாசாங்கு இல்ல. இவங்க நடிகை இல்ல. இவங்க நிஜம். இவங்க தம்பி கீழ இருக்காரு. சத்தியமா நிஜம்!”

பயிற்சியாளர் எழுந்து நின்று கை தட்டினார். “பாத்தீங்களா! இதுதான் ஈடுபாடு! எதிர்ல இருக்கறவங்க நிஜம்னு நம்பணும்னு மூணு நாளா தொண்டத்தண்ணி வத்தச் சொன்னேன். சாவி ஒருத்தருக்குத்தான் புரிஞ்சிருக்கு!” பதினெட்டு பேரும் கை தட்டினார்கள். இயக்குநர் என் முதுகில் தட்டிக்கொடுத்தார். உண்மையைச் சொல்லி இப்படி மாட்டிக்கொண்டவன் உலகத்தில் வேறு எவனும் இருக்க மாட்டான்.

“கீழ இருக்காரா?” பெண் எழுந்துவிட்டார். “அப்ப அது அவனா? யாராவது வாயத் திறந்து சொல்லுங்களேன்! எங்கம்மா அங்க சோறு தண்ணி இல்லாம கிடக்கறாங்க. நீங்க என்னடான்னா கை தட்டிக்கிட்டு நிக்கறீங்க! மனுஷங்கதானா நீங்க?”

பயிற்சியாளர் உதட்டைப் பிதுக்கினார். “ஆரம்பத்துல நல்லா பண்ணீங்க. ஆனா இந்தக் கோபம் கொஞ்சம் மிகை. உண்மையான உறவினர்ங்க இப்படிப் பேச மாட்டாங்க. பத்துக்கு நாலுதான் போட முடியும்.”

அப்போதுதான் கதவு மறுபடி திறந்தது. வியர்த்து வழிய ஒரு அம்மாள் உள்ளே வந்தார். கையில் கிளிசரின் பாட்டில். “மன்னிக்கணும், பஸ் பாதி வழியில நின்னுடுச்சு. கொலையானவரோட அக்கா நான்தான்.”

படிக்கட்டுப் பெண் அவரை நோக்கி ஓரடி வைத்தார். குரல் இறங்கிவிட்டது. “உங்க தம்பியும் கீழதான் இருக்கானாக்கா?”

நடிகை அவரைப் பார்த்தார். கோப்பைப் பார்த்தார். எங்கள் கழுத்து அட்டைகளைப் பார்த்தார். பாட்டிலைப் பைக்குள் போட்டார். “இல்லம்மா. எனக்குத் தம்பியே கிடையாது. நான் நடிக்க வந்தவ.”

யாரும் பேசவில்லை. அந்த மௌனத்தை யாரும் அளக்கவுமில்லை. ஏழு விநாடிக்கு மேல் நிச்சயம் போயிருக்கும்.

இயக்குநர்தான் முதலில் சுதாரித்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார். “நண்பர்களே, இது நமக்குக் கிடைச்ச அரிய வாய்ப்பு. ஒரு நிஜக் குடும்பம், நேர்ல! ஆனா விதின்னு ஒண்ணு இருக்கு. இங்க யாருக்கும் இன்னும் சான்றிதழ் இல்ல. தகுதியில்லாத ஆளுங்கள வச்சுப் பேசவிட்டு, இந்தம்மாவோட மனச நாம புண்படுத்திடக் கூடாது. அதனால திங்கட்கிழமை காலையில, முதல் ஆளா, முழுத் தகுதியோட இவங்களக் கவனிப்போம்.”

“திங்கட்கிழமையா?” என்றார் பெண். கோப்பை மடியில் வைத்துக்கொண்டு மறுபடி நாற்காலியில் உட்கார்ந்தார்.

பயிற்சியாளர் கையேட்டைப் புரட்டிவிட்டு, “சார், ஒரு வழி இருக்கு. நடிகையம்மா வேற பயிற்சியாளருங்க நடத்துன பதினாலு பயிற்சியில முழு நேரமும் இருந்திருக்காங்கன்னு இதுல போட்டிருக்கு. அவங்களுக்குச் சான்றிதழ் இருக்கு” என்றார். இயக்குநருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. “அப்ப அவங்களையே பேசச் சொல்லுங்க! இப்பவே உத்தரவு போடறேன்.”

நடிகை இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டார். “சாமி, என்ன விட்டுடுங்க. எனக்கு அழத்தான் தெரியும்.”

அந்த வார்த்தை என்னை எழுப்பிவிட்டது. வேறு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. நான் போய்க் கட்டைவிரலை வைத்தேன். ‘முன்கூட்டிய வெளியேற்றம். உறுதிதானா?’ என்று கேட்டது இயந்திரம். மறுபடி வைத்தேன். ‘மூன்று நாள் வருகையும் ரத்தாகும். உறுதிதானா?’ மறுபடி வைத்தேன். பின்னால் இயக்குநர் என் பெயரைச் சொல்லிக் கத்தினார். என் உண்மையான பெயரை அன்றைக்குத்தான் அவர் வாயால் கேட்டேன்.

கதவு திறந்தது. “வாங்கம்மா” என்றேன்.

படியிறங்கும்போதே சொல்லிக்கொண்டு வந்தேன். “உள்ள குளிரா இருக்கும். கழுத்து வரைக்கும் துணி போத்தியிருக்கேன், அத மட்டும் இறக்காதீங்க. கன்னத்துல ஒரு கீறல் இருக்கும். கண்ணு மூடித்தான் இருக்கு. தொடணும்னா தொடலாம், ஜில்லுனு இருக்கும், பயந்துடாதீங்க. எவ்வளவு நேரம் வேணும்னாலும் இருங்க.” எனக்குத் தெரிந்ததெல்லாம் அவ்வளவுதான்.

மூன்றாம் அடுக்கை இழுத்தேன். விளக்கை அவர் முகத்தில் அடிக்காதபடி திருப்பிவிட்டேன். அவர் காதைப் பார்த்தார். அப்புறம்தான் முகத்தைப் பார்த்தார். கத்தவில்லை. நெற்றியில் விழுந்திருந்த முடியை ஒதுக்கிவிட்டார். அது மறுபடி விழுந்தது. மறுபடி ஒதுக்கினார். “வெட்டிக்கடான்னு போன வாரமே சொன்னேண்ணா” என்றார். அப்புறம் தரையில் உட்கார்ந்து அழுதார். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

போன் அடித்தது. அம்மா. அவர் போனைப் பார்த்துக்கொண்டே இருந்தார். நின்றது. மறுபடி அடித்தது.

“என்னால முடியாதுண்ணா. நீங்க சொல்லிடுங்க” என்று என் கையில் கொடுத்தார்.

இருபத்திரண்டு வருஷத்தில் இந்தச் செய்தியை நான் யாருக்கும் சொன்னதில்லை. போலீஸ் சொல்லும், அதிகாரி சொல்வார். நான் அடுக்கை இழுப்பவன்.

“அம்மா” என்றேன். “நான் இங்க வேலை பாக்கறவன்மா. உங்க பொண்ணு பக்கத்துலதான் இருக்காங்க.”

“அது அவனா?”

“அவன்தாம்மா.”

அழுவார் என்று நினைத்தேன். அழவில்லை. அப்புறம் கேட்டார். “ரெண்டு நாளா அங்க தனியாவா கிடந்தான் எம்புள்ள?”

இரண்டு நாளும் நான் மாடியில் இருந்தேன். பொம்மையின் கண்ணீரைத் துடைத்துக்கொண்டிருந்தேன். கீழே ஒரு ஈ காக்கை கிடையாது.

“இல்லம்மா. நான் இருந்தேன். பக்கத்துலயே இருந்தேன்.”

தரையிலிருந்து அந்தப் பெண் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். யார் எங்கே இருந்தார்கள் என்பது அவருக்குத் தெரியும்.

“அப்ப சொல்லுங்கய்யா” என்றார் அம்மா. “ரெண்டு நாளும் எம்புள்ள எப்படி இருந்தான்? ஒண்ணு விடாம சொல்லுங்க. கேட்டுட்டு ஒரு வாய் தண்ணி குடிச்சுக்கறேன்.”

அந்தப் பெண்ணைப் பார்த்தேன். அவர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, சொல்லுங்க என்று தலையை ஆட்டினார்.

“முதல் நாள் நல்லாத் தூங்கினான்மா” என்று ஆரம்பித்தேன்.